மன்னவனூர் பஸ்ஸும் அடுத்த மாடலும்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறீர்கள். வர ஒன்றரை மணி நேரம், போக ஒன்றரை மணி நேரம். சித்தப்பா கொடுத்த பழைய 160 ஜிபி ஐபாட் கிளாசிக்கின் முதுகு மேடு தட்டிவிட்டது. செல்போனில் கேட்கலாம் என்றால் வழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வருகிறது, போன் சார்ஜும் சாயங்காலத்துக்கு மிச்சம் இருக்க வேண்டும். 15,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். மதுரையில் ஒரு கடையில் விசாரித்தபோது ‘அடுத்த மாடல் வருது, தீபாவளி வரைக்கும் பொறுங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொறுக்கலாமா, இருப்பதை வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இன்றைக்கு வாங்கி, மூன்று மாதத்தில் அதே விலைக்கு அதைவிட நல்லது வந்துவிட்டால் நான் ஏமாளி ஆகிவிடுவேனோ என்ற பயம்தான் அது. அந்தப் பயத்துக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் 26 வருடமாக ரிப்பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். டேப் ரெக்கார்டருக்கு ஹெட் துடைப்பதில் ஆரம்பித்தது, இப்போது முக்கால்வாசி செல்போன். பேட்டரி, ஜாக், ஈரம், குளிர் இவை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். எந்த பிளேயரில் சத்தம் இனிமை என்று நான் சொன்னால் பாதிதான் எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது தாண்டிய காது, மேல் அதிர்வெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்ட காது.

மாடல் பேச்சுக்கு முன்னால் அந்த ஐபாட். முதுகு மேடு தட்டியது என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள், அது பேட்டரி உப்பியது. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. இனி ஒருமுறைகூட சார்ஜரில் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் செருகினாலும் அது சார்ஜ் ஏறத் தொடங்கும், அதனால் ‘பாட்டை மட்டும் காப்பி எடுத்துக்கிறேன்’ என்றும் செருக வேண்டாம். அமுக்கிச் சமன் செய்வது, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது எல்லாம் நெருப்போடு விளையாட்டு. வீட்டில் திறக்கவும் முயற்சிக்காதீர்கள். கிளாசிக்கின் பின்மூடி உலோகம், உள்பக்கம் சுற்றிலும் கிளிப்புகள். நான் முதன்முதலில் திறந்தபோது அவசரத்தில் நெம்பி, ஒரு மூலை தகர டப்பா மூடி மாதிரி வளைந்துபோனது. கொண்டு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விட்டார். இப்போது மெல்லிய தகட்டை ஒரு ஓரத்தில் நுழைத்து, கிளிப் கிளிப்பாகப் பத்து நிமிடம் எடுத்துத் திறக்கிறேன். பழகியவர் கையில் கொடுங்கள்.

சரி, காத்திருப்பு. இதில் நம் ஊருக்கே ஒரு கதை உண்டு, பலருக்குத் தெரியாது. ஆடம் ஆஸ்போர்ன் என்று ஒருவர். ரமணரின் பக்தரான ஆர்தர் ஆஸ்போர்னின் மகன். சின்ன வயதில் திருவண்ணாமலையில் வளர்ந்து, இங்கே கொடைக்கானல் கான்வென்ட்டில் படித்தவர். 1981ல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் 1 என்ற கம்ப்யூட்டரை விட்டார். கையில் தூக்கிப் போகலாம் என்று விற்றார்கள், எடை கிட்டத்தட்ட 11 கிலோ! திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1983ல் அடுத்த மாடல் இதைவிடப் பிரமாதம் என்று முன்கூட்டியே பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். கடைக்காரர்கள் பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டரை நிறுத்தினார்கள், ஜனங்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள், அந்த வருடம் செப்டம்பரில் கம்பெனி திவால். அடுத்த மாடலை முன்னாலேயே சொல்லி இருக்கிற மாடலின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு இன்றும் ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்றுதான் பெயர். அவர் 1992ல் இந்தியா திரும்பி, கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில்தான் கழித்தார். 2003 மார்ச்சில் இங்கேயே காலமானார்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்றும் பார்த்துவிடுவோம். கம்பெனி திவாலானது உறுதி. வெறும் அறிவிப்பால்தான் விழுந்தது என்பதைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை. அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு கேப்ரோ என்ற போட்டிக் கம்ப்யூட்டர் 1982லேயே கடைக்கு வந்துவிட்டது. வாங்க வந்தவன் அடுத்த மாடலுக்காகக் காத்திருந்தானா, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டானா என்று யார் பிரித்துச் சொல்வது? என் ஊகம், இரண்டாவதுதான் அதிகம். காத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் காத்திருப்பதில்லை, வேறு எதையோ வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அந்த விவகாரத்திலிருந்து கம்பெனிகள் நன்றாகவே பாடம் படித்துக்கொண்டன. இன்று பெரும்பாலும் விற்பனைக்குத் தயாராகும் வரை வாயைத் திறப்பதில்லை. அப்படியிருக்க, மதுரைக் கடைக்காரருக்கு மட்டும் தீபாவளிச் சேதி எப்படித் தெரிந்தது? நான் அந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் சொல்கிறேன்: விற்க உட்கார்ந்திருப்பவர் ‘பொறுங்க’ என்றால் பெரும்பாலும் கையில் சரக்கு இல்லை என்று அர்த்தம். சரக்கு இருந்தால் ‘இதுதாங்க லேட்டஸ்ட்’ என்றிருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, நானும் சொல்லியிருக்கிறேன். மாடல் பெயர் என்ன, விலை என்ன, எந்தத் தேதி என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் வரவில்லை என்றால் அது வெறும் பேச்சு. அதோடு, வெளிநாட்டில் வந்துவிட்டது என்றாலும் இங்கே வந்ததாகாது. ப்ளூடூத், வைஃபை இருக்கிற எந்தச் சாதனத்தையும் இங்கே இறக்கி விற்க மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு ஒப்புதல் தர வேண்டும். அப்புறம் இறக்குமதி வரி. கம்பெனி டாலரில் சொன்ன விலையை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

காத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதே ஒன்று. ஐபாட் 2001 அக்டோபரில் 5 ஜிபியோடு வந்தது. 160 ஜிபி கிளாசிக்கின் கடைசி வடிவம் 2009ல் வந்தது. அதற்கப்புறம் ஐந்து வருடம் ‘அடுத்த கிளாசிக் இன்னும் பெரிய டிஸ்க்கோடு வரும்’ என்று காத்திருந்தவர்கள் நிறைய. 2014 செப்டம்பரில் சத்தமில்லாமல் அதையே நிறுத்திவிட்டார்கள். கடைசியாக இருந்த ஐபாட் டச்சும் 2022 மே மாதத்தோடு சரி. இன்னொன்று, 2020 அக்டோபரில் ஜப்பானில் நோபியோகா என்ற ஊரில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பிடித்தது. டிஜிட்டல் பாட்டைக் காதுக்குக் கேட்கும் மின் அலையாக மாற்றும் சிப் அங்கேதான் ஏராளமாகத் தயாரானது. பல ஆடியோ கம்பெனிகள் போர்டையே மாற்றி வேறு சிப்புக்குப் போக வேண்டியதாயிற்று. அடுத்த மாடல் இதே சிப்போடு வரும் என்று உட்கார்ந்திருந்தவர்கள் கணக்கெல்லாம் அதில் போனது.

இனி, புது மாடலில் அப்படி என்னதான் மாறும்? சத்தம் பற்றி முதலில். சிடியின் கணக்கு, சத்தத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து பதிவது, ஒவ்வொரு அளவும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் 1,411 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு அத்தனை கிலோபிட். இதைச் சுத்தமாகப் பாடுகிற சிப் பல வருடங்களாகவே மலிவு விலையில் கிடைக்கிறது. இந்த வருடச் சிப்புக்கும் மூன்று வருடம் முந்தைய சிப்புக்கும் உள்ள வித்தியாசம் அளவுக் கருவிக்குத் தெரியும். மலையேறும் பஸ்ஸில் ஜன்னல் கடகடக்க உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாது. இதை என் அரைக் காதை வைத்துச் சொல்லவில்லை, பஸ்ஸின் இரைச்சலை வைத்துச் சொல்கிறேன். அமைதியான அறையில் உயர்ந்த ஹெட்போனோடு கேட்பவர்களுக்குள் இன்னும் தீராத சண்டை அது, நான் அதில் தலையிடவில்லை. உங்களுக்கு வித்தியாசம் வேண்டுமென்றால் பிளேயருக்காக வைத்திருக்கும் பணத்தில் மூன்றாயிரத்தைப் பிரித்து, காதுத் துளையை நன்றாக அடைக்கிற வயர் இயர்போனில் போடுங்கள். அது முதல் நாளே தெரியும்.

மாறுவது பெரும்பாலும் திரையும் சாஃப்ட்வேரும்தான். அந்த சாஃப்ட்வேர்தான் சீக்கிரம் கிழடு தட்டும். சோனி 2023 ஜனவரியில் விட்ட ஏ306 வாக்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கட்டமைப்பு, ஒரு சார்ஜில் 36 மணி நேரம் வரை ஓடும் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் அது வந்தது ஆண்ட்ராய்டு 12ல். ஆண்ட்ராய்டு 13 அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே வெளிவந்துவிட்டது. அதாவது பிறக்கும்போதே ஒரு வயது. நாள் போகப் போகப் பாட்டு ஆப்கள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்டுவிடும், உள்ளே இருக்கிற சிப் நன்றாக இருக்கும்போதே. கார்டில் இருக்கும் பாட்டை மட்டும் பாடுகிற, ஆண்ட்ராய்டு இல்லாத பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை. பட்டனை அழுத்தினால் சில விநாடியில் பாடும், பத்து வருடம் கழித்தும் அதையேதான் செய்யும். வழியில் சிக்னலே சரியாக இல்லாத உங்களுக்கு இரண்டாவது வகைதான் என்பது என் கட்சி.

நம் மலைக்கென்று சில விஷயம் உண்டு, விமர்சன வீடியோக்களில் இதெல்லாம் வராது. மார்கழி, தை மாதங்களில் ஏரிப் பக்கமும் ஜிம்கானா பக்கமும் உறைபனி விழுகிற குளிர் உங்கள் ஊர்ப் பக்கமும் உண்டு. லித்தியம் பேட்டரிக்குக் குளிரில் உள்தடை ஏறும், வோல்டேஜ் சட்டென்று சரியும். 20 சதவீதம் காட்டிக்கொண்டே காலை ஆறு மணி பஸ்ஸில் அணைந்துவிடும். அதைப் பழுது என்று தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கடைக்குள் வந்து கை சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் தானாக உயிர் வரும், நானும் காசு வாங்காமல் திருப்பி அனுப்புவேன். பிளேயரை ஸ்வெட்டருக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஆனால் உறைகிற குளிரில் நனைந்த மாதிரி சில்லென்று இருக்கும் சாதனத்தை அப்படியே சார்ஜில் போடக் கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியிலிருந்து வந்து, விறகடுப்பு எரியும் சமையலறையில் பிளேயரை வைத்தால் சோடா பாட்டில் மாதிரி மேலே வியர்க்கும். வெளியே வியர்ப்பது போலவே உள்ளேயும் வியர்க்கும். ஜாக்கின் துளையில் பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்று வருகிற கேஸ்கள் எனக்கு ஜனவரியில்தான் அதிகம். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் நனைத்த பஞ்சால் இரண்டு சுற்று சுற்றினால் பாதி சரியாகிவிடும். மீதிப் பாதி டிரை சோல்டர். பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் குலுக்கும்போது பிளக் ஆடி ஆடி, போர்டில் ஜாக் பற்ற வைத்த இடம் விரிசல் விடும். அதனால் வாங்கும்போது பிளக்கைச் செருகி மெல்ல ஆட்டிப் பாருங்கள், கரகரத்தால் வேறு பீஸ் எடுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய ஐபாட் மலை உயரத்தில் கெடுமா என்றும் சிலர் கேட்பார்கள். டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் ஒரு மெல்லிய காற்றுப் படுகையில் மிதப்பதால் கேள்வியில் நியாயம் உண்டு. அதற்குக் கம்பெனி கொடுத்த வரம்பு 3,000 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர் சொச்சம்தான்.

இன்னொரு சோதனை, இதற்கு 1 ரூபாய்கூடச் செலவில்லை. ஆண்ட்ராய்டு இல்லாத மலிவு பிளேயர்களில் பல தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. சிலதில் வெறும் கட்டம் கட்டமாக வரும். சிலதில் எழுத்து வரும், ஆனால் கொம்பும் சங்கிலிக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், படிக்கச் சகிக்காது. ஒரு மெமரி கார்டில் ஏதாவது ஒரு பாட்டுக்கு ‘கொடைக்கானல்’ என்று பெயர் மாற்றி எடுத்துப் போங்கள். கடையில் செருகிப் பாருங்கள். ‘கொ’வும் ‘டை’யும் ஒழுங்காக நின்றால் அந்த பிளேயர் தேறியது. நிற்கவில்லையா, ஆயிரக்கணக்கான பாட்டுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துக்கொள்ளும் பொறுமை உங்களுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கார்டு 64 ஜிபிக்கு மேற்பட்டதாக இருந்தால் பிளேயர் அதை ஏற்றுக்கொள்கிறதா என்றும் அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் பாட்டுகள் 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி, 9,000 பாட்டு என்று வைத்துக்கொண்டால் 108 ஜிபி. 128ஐ விட 256 ஜிபி கார்டே நிம்மதி. எஃப்எம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோடை பண்பலை 100.5 நம் மலையிலிருந்தே வருகிறது, அதைக் கேட்க சிக்னலும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஆனால் வயர் இயர்போன் செருகியிருக்க வேண்டும், அந்த வயர்தான் ஏரியல்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி. உங்கள் போனில் மெமரி கார்டு இடமும் ஹெட்போன் ஜாக்கும் இருந்தால், பாட்டை கார்டில் போட்டு ஏர்பிளேன் மோடில் கேட்டால் போன் சார்ஜ் அவ்வளவாக இறங்காது. செலவு ஒரு கார்டு மட்டும். அந்த இரண்டும் இல்லாத போன் என்றால்தான் தனி பிளேயருக்கு நியாயம் கூடுகிறது. ஆப்பில் டவுன்லோட் செய்து வைத்தாலும் ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்கள் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் வந்து தலைகாட்டச் சொல்லும், அதை மறந்தால் பாதி வழியில் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

ஆக, காத்திருக்க வேண்டாம் என்பது என் பதில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மாதம் 26 நாள், 78 மணி நேரம். தீபாவளிக்கு நான்கு மாதம் இருந்தால் 312 மணி நேரம் பாட்டில்லாத பஸ். அதன் விலையை எந்தப் புது மாடலும் திருப்பித் தராது. நான் பொறுக்கச் சொல்வது ஒரே ஒரு நிலையில்தான். உங்களுக்குத் தேவையான ஒரு விஷயம், உதாரணத்துக்குத் தமிழ் எழுத்து, இன்றைக்கு 15,000க்குள் கிடைக்கிற எதிலும் இல்லாமல், வரப்போகிற மாடலில் இருப்பதாகக் கம்பெனியே சொல்லி, இந்திய விலையும் தேதியும் அறிவித்து, அந்தத் தேதியும் ஒரு மாதத்துக்குள் இருந்தால் பொறுங்கள். அப்போதும் முதல் லாட்டை வாங்காதீர்கள். முதல் லாட்டின் குறைகளைக் கம்பெனி இரண்டாவது லாட்டில் சத்தமில்லாமல் சரிசெய்வதைப் பெஞ்சில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஐபாடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்டரி மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் செருகினால், மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள் பாட்டெல்லாம் நான்கெழுத்துக் குழப்பப் பெயர்களோடு கிடக்கும். பயப்பட வேண்டாம், உண்மையான பெயர் ஒவ்வொரு ஃபைலுக்கு உள்ளேயும் டேக் என்ற குறிப்பில் இருக்கிறது, கார்டுக்கு மாற்றியதும் பிளேயர் அதைப் படித்துக்கொள்ளும். பேட்டரி மாற்ற எடுத்து வரும் நாளில் அதை அணைத்து, ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் தனியாகப் போட்டு எடுத்து வாருங்கள். பையின் அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே திணிக்க வேண்டாம்.